ஒவ்வொரு பெயராக எழுதி வைத்த ஊர்



இன்று ஆகஸ்ட் மாதத்தின் கடைசி ஞாயிறு. இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பக்கத்தில் உள்ள ஒரு சின்னக் கிராமத்தில் இன்றைக்கு ஊரே தேவாலயத்திலிருந்து ஊர்வலமாக ஒரு பள்ளத்தாக்குக்கு நடந்து போகும். அங்கே திறந்த வெளியில் நின்று பிரார்த்தனை செய்வார்கள். 'பிளேக் ஞாயிறு' என்று அந்த நாளுக்குப் பெயர். 350 வருடங்களுக்கு முன்னர் அந்த ஊரில் கொள்ளைநோயில் இறந்துபோன தங்கள் ஆட்களை நினைக்கும் நாள்.

ஊரின் பெயர் ஈம். ஆங்கிலத்தில் எழுதுவதைப் பார்த்தால் வேறு மாதிரி வாசிக்கத் தோன்றும், ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சொல்வது 'ஈம்' என்றுதான். தமிழில் ஈமக்கடன் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். தற்செயல்தான், ஆனாலும் முதல் தடவை கேட்டபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

இந்தக் கதையைப் போன தவணையில் தரம் 10 பிள்ளைகளுக்குச் சொன்னேன். பாடப்புத்தகத்தில் இல்லை. ஒரு வெற்றுப் பாடவேளை கிடைத்தது, சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, பின் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்:

"டீச்சர், அவங்க சும்மா கிராமத்து ஆக்கள்தானே? ராசாவும் இல்ல, மந்திரியும் இல்ல. அவங்கட பேரெல்லாம் இப்ப நமக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வியை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். அதுக்காகத்தான் இந்த நீண்ட பதிவு. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள்.

முதலில் கதை.

1665ஆம் ஆண்டு லண்டனில் பிளேக் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. ஈம் அங்கிருந்து பல நாள் பயணத் தூரத்தில் இருந்த ஊர். விவசாயிகள், ஈயச் சுரங்கத் தொழிலாளிகள், ஆடு வளர்ப்பவர்கள். லண்டன் நோய் தங்களுக்கு வரும் என்று நினைக்க அவர்களுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

அந்த ஊரில் அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்ட் என்று ஒரு தையல்காரர் இருந்தார். அவருடைய வீட்டுக்கு லண்டனிலிருந்து ஒரு பெட்டி துணி வந்தது. அங்கே வேலை செய்த ஜோர்ஜ் விக்கர்ஸ் என்பவர் அதைத் திறந்தார். துணி ஈரமாக இருந்தது, காய விரித்தார். துணியோடு தெள்ளுப்பூச்சியும் வந்தது, பூச்சியோடு நோயும் வந்தது என்பது சொல்லப்படும் வரலாறு. சில நாட்களில் விக்கர்ஸ் காய்ச்சலில் விழுந்தார். 1665 செப்டெம்பர் 7ஆம் திகதி அவரை அடக்கம் செய்தார்கள். இரண்டு கிழமை கழித்து அதே வீட்டுப் பிள்ளை எட்வர்ட் கூப்பர். பிறகு பக்கத்து வீட்டு பீட்டர் ஹோக்ஸ்வர்த். பிறகு அவருடைய பதினைந்து மாதக் குழந்தை ஹம்ஃப்ரி. அந்த வீட்டில் மிஞ்சியது தாய் ஜேன் மட்டும்தான்.

குளிர்காலத்தில் நோய் கொஞ்சம் அடங்கியது. 1666 மே மாதத்தில் மரணங்கள் மிகவும் குறைந்துவிட்டன. முடிந்துவிட்டது என்று சனம் மூச்சுவிட்டிருக்கும். ஜூனில் மறுபடியும் ஏறியது.

அப்போது அந்த ஊர்த் தேவாலயத்தின் பாதிரியார் வில்லியம் மொம்பெசன். இளம் வயது, ஊருக்குப் புதியவர். வந்து இரண்டு வருடம்தான். ஊர்ச்சனம் அவரை முழுதாக ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருக்கு முன்னர் அங்கே இருந்தவர் தோமஸ் ஸ்டான்லி. அரசாங்கம் கொண்டுவந்த வழிபாட்டுச் சட்டத்துக்கு இணங்க மறுத்ததால் 1662இல் பதவி இழந்தவர். பதவி போனாலும் ஆள் ஊரில்தான் இருந்தார், ஊரில் பாதி மனம் அவர் பக்கம்தான் இருந்தது.

ஒரே ஊரில் இரண்டு தலைவர்கள், ஒருவர் மார்க்கத்தை மற்றவர் ஒப்புக்கொள்ளாதவர்கள், பின்னால் இரண்டு கூட்டம். இது எப்படி இருக்கும் என்று நம் ஊர்களில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அந்த இரண்டு பேரும் 1666 ஜூனில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒன்றாக ஊர்முன் நின்று மூன்று விடயங்களைச் சொன்னார்கள்.

ஒன்று, இனித் தேவாலய மையவாடியில் அடக்கம் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் மையித்தைத் தாங்களே, தங்கள் காணியிலோ தோட்டத்திலோ உடனே அடக்க வேண்டும்.

இரண்டு, தேவாலயக் கட்டடத்துக்குள் தொழுகை இல்லை. கக்லெட் பள்ளத்தாக்கில், திறந்த வெளியில், குடும்பம் குடும்பமாக இடைவெளி விட்டு நிற்க வேண்டும்.

மூன்று, யாரும் ஊரைவிட்டு வெளியேறக் கூடாது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வரவும் கூடாது.

மூன்றாவதுதான் கடினமானது. அதற்கு ஒப்புக்கொள்வது என்றால் சாவு இருக்கும் இடத்திலேயே இருக்க ஒப்புக்கொள்வது. பெரும்பாலானோர் ஒப்புக்கொண்டார்கள். உணவுக்குப் பொறுப்பை செட்ஸ்வர்த் மாளிகையின் டெவன்ஷயர் பிரபு எடுத்துக்கொண்டார். சாமான்களை ஊர் எல்லையில் வைத்துவிட்டுப் போவார்கள். பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனுக்குப் போகும் வழியில் ஓட்டைகள் போட்ட ஒரு கல் இன்றைக்கும் இருக்கிறது. அந்த ஓட்டைகளில் வினாகிரி ஊற்றிக் காசைப் போடுவார்கள், நோய் காசோடு போகக் கூடாது என்று. ஊருக்கு மேலே ஒரு நீரூற்று, அங்கே ஓடும் தண்ணீரில் காசை வைப்பார்கள். அதற்கு இப்போது 'மொம்பெசன் கிணறு' என்று பெயர்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது ஒருவன் உடனே, "டீச்சர், இது ஹதீஸ்ல இருக்குதானே?" என்றான். ஆம். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்தால் தப்பி ஓடி வெளியேறாதீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது நம் எல்லோருக்கும் தெரியும். ஹிஜ்ரி 18இல் ஷாம் நாட்டுக்குப் போன உமர் (ரழி) அவர்கள் வழியில் ஸர்க் என்ற இடத்தில் நோய்ச் செய்தி கேட்டு நின்று, ஆலோசனை செய்து, இந்த ஹதீஸ் எடுத்துச் சொல்லப்பட்டதும் படையோடு திரும்பினார்கள். உள்ளே இருந்த அபூ உபைதா (ரழி) அவர்கள் தம் மக்களோடு இருந்து அந்த நோயிலேயே வபாத்தானார்கள். ஈம் கிராமத்தாருக்கு இது தெரிந்திருக்காது. ஆனால் ஒரே பாரத்தைத் தூக்கியவர்கள்.

ஆகஸ்ட் மாதம் வந்தது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 70க்கும் மேற்பட்டவர்கள்.

ஊருக்கு வெளியே மேட்டில், ரைலி என்ற இடத்தில் ஒரு பண்ணை வீடு. அங்கே எலிசபெத் ஹன்கொக் என்ற பெண். ஆகஸ்ட் 3ஆம் திகதிக்கும் 10ஆம் திகதிக்கும் இடையில், எட்டு நாட்களில், கணவரையும் ஆறு பிள்ளைகளையும் அவளே அடக்கினாள். உதவிக்கு ஆள் இல்லை, வரவும் முடியாது. அவளே குழி வெட்டி, அவளே இழுத்துக் கொண்டுபோய், அவளே மூடினாள். எதிரே மலைச்சரிவில் பக்கத்து ஊர்க்காரர்கள் நின்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

நம் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வீட்டில் குளிப்பாட்டுவோம், கபனிடுவோம், வாசல் வரைக்கும் போவோம். அதுக்குப் பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். என் வாப்பாவைத் தூக்கிய அன்றைக்கு வாசலில் நின்ற அந்த ஐந்து நிமிடம் எனக்கு இன்னும் முடியவில்லை. ஆகவே எலிசபெத்தின் எட்டு நாட்களைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது குரல் தடுமாறிவிட்டது, பிள்ளைகள் கண்டுவிட்டார்கள். அதை ஒளிக்க நான் முயலவில்லை.

ஆகஸ்ட் 25இல் பாதிரியாரின் மனைவி கேதரின் இறந்தார். வயது 27. பிள்ளைகள் இருவரையும் நோய் உச்சத்துக்கு வரும் முன்னரே வெளியூர் அனுப்பியிருந்தார்கள். அவர் மட்டும் கணவரை விட்டுப் போக மறுத்து இருந்துவிட்டார். தாயின் மரணத்தைப் பிள்ளைகளுக்குத் தகப்பன் கடிதம் எழுதித்தான் அறிவித்தார். கேதரினின் கல்லறை தேவாலய மையவாடியிலேயே இருக்கிறது. பிளேக் ஞாயிறன்று அதன்மேல் மலர்வளையம் வைப்பார்கள்.

1666 நவம்பர் 1ஆம் திகதி ஏபிரகாம் மோர்டன் என்ற இளைஞன் இறந்தான். அதோடு முடிந்தது. 14 மாதங்கள். அந்த மாதமே மொம்பெசன் எழுதிய ஒரு கடிதத்தில் 76 குடும்பங்களில் 259 பேர் என்று கணக்குச் சொல்கிறார். நோய் அந்த ஊரைத் தாண்டிச் சுற்றுவட்டாரத்தை வாரிக்கொண்டு போகவில்லை.

இது வரைக்கும் கதை. இனிப் பிள்ளையின் கேள்வி. பேரெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்?

விடை மிகவும் சாதாரணமானது. ஒருவர் எழுதி வைத்தார்.

இங்கிலாந்தில் 'பாரிஷ்' என்றால் ஒரு தேவாலயமும் அதைச் சேர்ந்த ஊரும். நம் மஹல்லா மாதிரி. 1538இல், எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், தோமஸ் குரொம்வெல் என்ற அமைச்சர் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு பாரிஷும் ஒரு புத்தகம் வாங்கி, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் கிழமைக்குக் கிழமை அதில் எழுத வேண்டும். அன்றிலிருந்து எழுதினார்கள். எல்லா இடத்திலும் ஒழுங்காக எழுதினார்கள் என்றில்லை. புத்தகங்கள் தொலைந்தன, நனைந்தன, எலி தின்றது. ஆனாலும் இன்றைக்கு இங்கிலாந்தில் ஒரு சாதாரண விவசாயியின் பேரன் தன் பத்துத் தலைமுறைக்கு முந்தின பாட்டனின் பெயரைத் தேடினால் கண்டுபிடிக்க வாய்ப்பிருப்பது அந்தப் புத்தகங்களால்தான்.

ஈமின் புத்தகத்தில் ஒரு வரிக்கு ஒரு ஆள். பெயர், திகதி, சில இடங்களில் யாருடைய மகன், யாருடைய மனைவி. அவ்வளவுதான். பாதிரியாரின் மனைவிக்கும் ஒரு வரி, தையல்காரரின் வேலையாளுக்கும் ஒரு வரி, பதினைந்து மாதக் குழந்தைக்கும் ஒரு வரி. அழுகை இல்லை, புகழ்ச்சி இல்லை.

அந்த வரிகள் இருந்ததால் என்ன நடந்தது பாருங்கள்.

அந்த ஊரில் பழைய வீடுகளின் முன்னால் பச்சைப் பலகைகள் தொங்குகின்றன. இந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் இன்னார், இறந்தவர்கள் இன்னார் என்று. 'ரோஸ் கொட்டேஜ்' என்ற வீட்டின் முன்னால், தோர்ப் குடும்பத்தில் ஒன்பது பேர் இங்கே வாழ்ந்தார்கள், ஒன்பது பேரும் போய்விட்டார்கள் என்று இருக்கிறது. தேவாலயத்துக்குள் எல்லோர் பெயரும் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

இன்னொன்று. 2016இல் இரண்டு ஆய்வாளர்கள் அந்தப் புத்தகத்தின் வரிகளைக் கணினியில் போட்டு, யாருக்குப் பின் யார், எந்த வீட்டுக்குப் பின் எந்த வீடு என்று பார்த்தார்கள். தெள்ளுப்பூச்சியிலிருந்து வந்த தொற்றைவிட மனிதரிடமிருந்து மனிதருக்குப் போனதே அதிகம், ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு, என்ற முடிவுக்கு வந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஒரு கிராமத்து எழுத்தர் தன் கடமைக்கு எழுதிய வரிகள் 21ஆம் நூற்றாண்டு மருத்துவத்துக்குப் பயன்படுகின்றன.

மூன்றாவது முக்கியமானது. கதையைத் திருத்தவும் எழுத்துத்தான் உதவியது. பின்னால் வந்தவர்கள் ஈம் கதையைப் பாட்டாகவும் நாடகமாகவும் ஆக்கினார்கள். அதில் இரண்டு பாதிரியார்களும் கேதரினும் பெரிதாக வளர்ந்தார்கள். 350 பேர் இருந்த ஊரில் 260 பேர் செத்தார்கள், நாலில் மூன்று பங்கு அழிந்தது என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பிறகு அந்தக் காலத்து அடுப்பு வரிப் பட்டியலையும் தேவாலயப் புத்தகத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள், ஊரில் அதைப்போல் இருமடங்கு சனம் இருந்திருக்கிறது என்று காட்டினார்கள். இழப்பு பெரியது, ஆனால் சொல்லப்பட்ட விகிதம் அல்ல. வசதியுள்ள சில குடும்பங்கள் எல்லை மூட முன்னரே வெளியேறியதும் தெரியவந்தது. தங்கி நின்றவர்களில் பெரும்பாலானோர் போக இடமில்லாத ஏழைகள்.

நான் இதைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. அதனால் அந்த மக்கள் சிறுமைப்படவும் இல்லை. போக இடமில்லாதவன் இருப்பதும் இருப்புத்தான். எலிசபெத் வெட்டிய குழிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை.

இன்னும் ஒரு விடயம். இன்று இருக்கும் அந்தப் புத்தகம் மூலப் பிரதி அல்ல. சுமார் 40 வருடங்கள் கழித்து, 1705 அளவில், பின்னால் வந்த ஒரு பாதிரியார் பழைய பதிவுகளைப் பார்த்துப் புதிதாக எழுதி வைத்த படி. பழையது இன்று இல்லை. அந்த மனிதர் "எனக்கென்ன வந்தது, நான் இல்லாத காலத்துச் சாவு" என்று விட்டிருந்தால் ஜோர்ஜ் விக்கர்ஸ் என்ற பெயரும் இல்லை, ஹம்ஃப்ரி என்ற பெயரும் இல்லை. நானும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இதை ஏன் நமக்குச் சொல்கிறேன்?

உம்மம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன், உங்கட வாப்பா எப்ப மௌத்தானார் என்று. "சூறாவளிக்கு முந்தின வருஷம், புள்ள. வேளாண்மை வெட்டுற காலம்" என்றார். சூறாவளி 1978 நவம்பரில். ஆகவே 1977. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய வாப்பா? பெயர் மட்டும். அவருடைய வாப்பா? பெயரும் இல்லை. நாலாவது தலைமுறையில் என் குடும்பம் முடிந்துவிடுகிறது. உம்மம்மாவும் போன வருடம் போய்விட்டார். இனிக் கேட்க ஆள் இல்லை.

கொரோனாக் காலத்தை நான் சொல்லத் தேவையில்லை. 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியும் நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். பிறந்து 20 நாளான குழந்தையையும் எரித்தார்கள். கனத்தை மயான வாசலில் முஸ்லிம்களும் மற்றச் சமூகத்து நல்ல மனிதர்களும் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரியில்தான் அது மாறியது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கம். பிறகு 3,600க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடங்கினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, தமிழர்களும் சிங்களவர்களும். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்பதாக முடிவெடுத்தது.

ஈம் மக்கள் தங்கள் மையவாடியைத் தாங்களே விட்டுக்கொடுத்தார்கள். நம்மிடமிருந்து எடுத்தார்கள். இரண்டும் ஒன்றல்ல, ஒன்றென்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் பிள்ளையின் கேள்வி இரண்டுக்கும் பொது. இன்னும் நூறு வருடத்தில் ஒரு தரம் 10 பிள்ளை, "அந்த நேரம் நம்மட ஊர்ல மௌத்தானவங்கட பேர் என்ன டீச்சர்?" என்று கேட்டால் யார் எடுத்துக் கொடுப்பது? அரசாங்கத்திடம் இலக்கம் இருக்கும். பெயரும், யாருடைய மகள் என்பதும், என்ன வேலை செய்தார் என்பதும், கடைசியாக என்ன சாப்பிடக் கேட்டார் என்பதும் நம்மிடம்தான் இருக்கிறது. நாம் இருக்கும் வரைக்கும்.

நான் ஒவ்வொரு காலையும் வரவு இடாப்பு எழுதுகிறேன். 34 பெயர். ஒரு கோடு, ஒரு பூச்சியம். கலாசாலையில் எங்களுக்கு இடாப்பு எழுதப் பழக்கியபோது அது பெரிய அலுப்பாகத் தெரிந்தது. இப்போது அப்படி இல்லை. பெயரைக் கூப்பிட்டு, பதிலைக் கேட்டு, எழுதி வைப்பது சின்ன வேலை இல்லை என்று ஈம் எனக்குக் கற்றுத் தந்தது.

ஆகவே இந்தப் பதிவின் முடிவில் ஒரு வேண்டுகோள்.

ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள். உங்கள் வீட்டில் உள்ள ஆக வயதானவருக்குப் பக்கத்தில் இருங்கள். அவருடைய வாப்பா, உம்மா, அவர்களுடைய வாப்பா, உம்மா என்று கேட்டு எழுதுங்கள். திகதி தெரியாவிட்டால் வெள்ளம், சூறாவளி, சுனாமி, பெருநாள், அறுவடை, எதையாவது வைத்து எழுதுங்கள். பெண்களின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள், இன்னாரின் மனைவி என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். கொரோனாவில் போனவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு பக்கம் தனியாக வையுங்கள். எழுதியதைப் போட்டோ கொப்பி எடுத்து ஒன்றைப் பள்ளிவாசலில் கொடுங்கள். நம் ஊர்ப் பள்ளி நிர்வாகத்தினர் இதை வாசித்தால், மையவாடிக்கு ஒரு நல்ல தடித்த புத்தகம் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். பழைய துண்டுக் கடதாசிகள் இருந்தால் அவற்றைப் பார்த்து எழுத நானும் என் வகுப்புப் பிள்ளைகளும் தயார்.

அந்தப் பிள்ளை முந்தநாள் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். முதல் பக்கத்தில் அவளுடைய மூத்தம்மாவின் பெயர், மூத்தப்பாவின் பெயர். பிறகு, பிறந்து மூன்றாம் நாள் மௌத்தாகிய ஒரு மாமாவின் பெயர். அப்படி ஒரு மாமா இருந்தது அவளுடைய உம்மாவுக்கே தெரியாதாம்.

ஒரு வரி. ஒரு பெயர். திகதி இல்லை. "மழை காலம்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

அல்லாஹ் நம்மை விட்டுப் போன எல்லோரையும் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.